கிளாஸ்ல பிரச்சனை வெடிக்கிறதுக்கு முன்னாடியே தடுக்கிறது எப்படி: புது டீச்சர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுசா டீச்சிங்குக்கு வந்தவங்க என்கிட்ட அதிகமா கேக்குறது இதுதான். பையன் நோட்டைக் கிழிச்சா என்ன பண்ணணும், எதுத்துப் பேசுனா என்ன பண்ணணும், பாதி பீரியட்ல எழுந்து வெளிய போயிட்டா என்ன பண்ணணும். எல்லாமே நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்றதுங்கற கேள்வி. அதுக்கும் பதில் உண்டு, ஆனா நான் பார்த்த வரைக்கும் வெடிச்சதுக்கப்புறம் நாம பண்றதுல கிடைக்கிற பலன் ரொம்பக் கொஞ்சம். அந்தப் பிள்ளை கிளாஸுக்குள்ள கால் வைக்கும்போதே பாதி விஷயம் முடிவாகியிருக்கும். ராத்திரி சரியா தூங்குச்சா, காலையில ஏதாவது சாப்பிட்டுச்சா, வர்ற வழியில யார்கூடவாவது சண்டையா, காது வலிக்குதா, போன பீரியட்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்குச்சா... இதையெல்லாம்தான் பின்னணிக் காரணம்னு சொல்றோம். ஸ்பெஷல் எஜுகேஷன் படிச்சவங்க செட்டிங் ஈவென்ட்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

ட்ரிகர் வேற, பின்னணி வேற. இந்த ஒரு வித்தியாசம் மனசுல நல்லா உக்காந்துட்டா மிச்சமெல்லாம் சுலபம். ஒரே பையன், ஒரே கணக்கு ஷீட். செவ்வாய்க்கிழமை குடுத்தா முனகிக்கிட்டே போட்டு முடிச்சுடுறான், புதன்கிழமை குடுத்தா கசக்கி எறியறான். ஷீட் மாறல, நீங்க மாறல, அப்ப எது மாறிச்சு? முந்தின ராத்திரி அவன் தூங்கல. ஷீட்டுங்கறது ட்ரிகர், தூக்கமின்மை பின்னணி. தாகமா இருக்குறப்ப ஒரு டம்ளர் தண்ணிக்கு இருக்குற மதிப்பு தாகம் தீர்ந்தப்புறம் இருக்காதுல்ல, அதே மாதிரி அசதியா இருக்குற பிள்ளைக்கு அந்த ஷீட்டுல இருந்து தப்பிக்கிறதோட மதிப்பு பல மடங்கு ஏறிடும். ஜாக் மைக்கேல்ங்கற நடத்தையியல் ஆராய்ச்சியாளர் 1982லயே இந்தக் கருத்தைத் தெளிவா எழுதி வச்சுட்டார்: சூழ்நிலை மாறுனா அதே பொருளோட, அதே வேலையோட மதிப்பு மனுஷனுக்கு மாறும். அதனால "நேத்து நல்லாத்தானே போட்ட, இன்னைக்கு வேணும்னேதானே பண்ற"ன்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல. நேத்து அவனுக்கு அது வேற வேலை.

சரி, எங்க ஆரம்பிக்கிறதுன்னு பார்ப்போம்.

முதல் வேலை: என்ன பண்றான்னு கண்ணால பார்த்த மாதிரி எழுதுங்க

"அடங்க மாட்டேங்குறான்", "திமிரு", "கவனமே இல்ல" இதெல்லாம் எழுதாதீங்க. இதை எண்ண முடியாது, இன்னொரு டீச்சர் வந்து பார்த்தா அவங்களுக்கு வேற மாதிரி தெரியும். "எழுதச் சொன்னா நோட்டுப் பேப்பரைக் கிழிக்கிறான்", "பக்கத்துல இருக்குற பிள்ளையைக் கையால அடிக்கிறா", "சீட்டை விட்டு எழுந்து கதவுகிட்ட போயிடுறான்", இப்படி எழுதுங்க. ஒரு பிள்ளைகிட்ட பத்து விஷயம் சரியில்லன்னு தோணும், பத்தையும் எடுத்துக்காதீங்க. ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. யாருக்காவது அடிபடுற விஷயம் இருந்தா அதுதான் முதல்ல.

ரெண்டாவது: கட்டம் போடுங்க

நான் யாருக்குச் சொல்லிக் குடுத்தாலும் இதைத்தான் அழுத்திச் சொல்லுவேன், ஏன்னா இதுக்குக் காசு வேண்டாம், ட்ரெய்னிங் வேண்டாம், ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். மேல கிழமை, பக்கவாட்டுல பீரியட். பிரச்சனை நடக்காத பீரியட்னா கட்டத்தைக் காலியா விடுங்க, ஒரு தடவை நடந்தா குறுக்கால ஒரு கோடு, அதுக்கு மேலன்னா முழுசா கறுப்பாக்குங்க. பால் டூஷெட்ங்கற ஆராய்ச்சியாளரும் அவர்கூட வேலை பார்த்தவங்களும் 1985ல வெளியிட்ட முறை இது, இன்னைக்கும் உலகம் பூரா பயன்படுத்துறாங்க. ரெண்டு மூணு வாரம் விடாம போடுங்க. அதுக்குள்ள எந்த முடிவுக்கும் வந்துடாதீங்க.

என் கிளாஸ்ல நாலாவது படிச்ச ஒரு பையன், நோட்டைக் கிழிக்கிறவன். நான் அவனுக்குக் கணக்குதான் ஆகலன்னு சத்தியமே பண்ணியிருப்பேன், ஏன்னா எனக்கு ஞாபகத்துல நின்னதெல்லாம் கணக்கு பீரியட் சண்டைதான். மூணு வாரம் கட்டம் போட்டு முடிச்சுட்டு ஒரு சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் மூணு பேப்பரையும் மேஜையில வரிசையா வச்சுப் பார்த்தேன். மூணுலயும் திங்கக்கிழமை காலையில ஒரே கறுப்பு, பென்சில் அழுத்தி அழுத்திப் பேப்பரே பளபளன்னு இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை முதல் பீரியட்ல ஒரு கோடு, ரெண்டு கோடு. புதன், வியாழன், வெள்ளி கிட்டத்தட்ட வெள்ளைப் பேப்பர். ஆனா கணக்கு பீரியட் வாரத்துல அஞ்சு நாளும் இருக்கு! திங்கக்கிழமை அது முதல் பீரியட்டா இருந்ததால நான் பழியைத் தூக்கிக் கணக்கு மேல போட்டிருக்கேன். அந்தப் பிள்ளையை எத்தனை தடவை "கணக்குன்னா உனக்கு எரிச்சல்"னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பேன்னு நினைச்சா இப்பவும் மனசு வலிக்குது. விசாரிச்சப்பதான் தெரிஞ்சது, அப்பா அம்மா தனித்தனியா இருக்காங்க, வார லீவு முழுக்க அப்பாகிட்ட, ஞாயித்துக்கிழமை ராத்திரி நேரங்கழிச்சு அம்மா வீட்டுக்குத் திரும்பி வர்றான், வந்து தூங்கும்போது நடுராத்திரி தாண்டிடும். அப்பாவை விட்டுட்டு வந்த வருத்தம் ஒரு பக்கம், தூக்கம் போனது ஒரு பக்கம். அவன் எப்படி வழிக்கு வந்தான்னு கீழ சொல்றேன்.

மூணாவது: ஏ-பி-சி எழுதும்போது இன்னொரு பத்தி சேருங்க

ஏ-பி-சி குறிப்பு பி.எட்ல படிச்சிருப்பீங்க. நடக்குறதுக்கு முன்னாடி என்ன, நடந்தது என்ன, நடந்ததுக்கப்புறம் என்ன கிடைச்சது. அதுல முதல் பத்திக்கு இடது பக்கம் நாலாவதா ஒண்ணு சேருங்க, அதுக்குத் தலைப்பு "அதுக்கும் முன்னாடி". அங்க அன்னைக்குக் காலையில இருந்து உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதுங்க: லேட்டா வந்தானா, முகம் எப்படி இருந்துச்சு, பை கொண்டு வரலையா, வேற டீச்சர் வந்த நாளா, மழையால வெளிய விளையாட விடலையா, டெஸ்ட் பேப்பர் குடுத்த நாளா. பெரும்பாலும் காலியா இருக்கும், பரவாயில்ல. இருபது வரி சேர்ந்தப்புறம் அந்தப் பத்தியை மட்டும் மேல இருந்து கீழ படிச்சுப் பாருங்க, ஏதோ ஒண்ணு திரும்பத் திரும்ப வரும்.

ஒரு பொண்ணுக்கு நான் எழுதுன குறிப்புல வந்த வரிகள் கிட்டத்தட்ட இப்படி இருந்துச்சு: "சளி. இடது பக்கம் இருந்த பிள்ளை கூப்பிட்டுச்சு, திரும்பல. தோளைத் தொட்டுச்சு. அடிச்சா." நாலு நாள் கழிச்சு: "சளி. இடது பக்கம். கூப்பிட்டது கேக்கல போல. தொட்டதும் அடிச்சா." இதை ரெண்டாவது தடவை எழுதும்போதே எனக்குப் பொறி தட்டிடுச்சு. சளி பிடிச்சா அவளுக்கு இடது காது அடைச்சுக்குது, கூப்பிடுறது கேக்காம திடீர்னு மேல கை பட்டா பயந்து அடிக்கிறா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு வீட்டுல சொன்னோம், காதுக்குள்ள நீர் கோத்திருந்துச்சு. நாங்க கிளாஸ்ல பண்ணது இடது பக்கம் சுவர் வர்ற மாதிரி சீட்டை மாத்துனது மட்டும்தான். அதுக்கு முன்னாடி ஒரு டெர்ம் பூரா அந்தப் பிள்ளைக்கு "அடிக்கிறவ"ன்னு பேரு.

நாலாவது: அவனுக்கு அதுல என்ன கிடைக்குது?

பொதுவா நாலுல ஒண்ணு. யாராவது கவனிக்கிறது, பிடிக்காததுல இருந்து தப்பிக்கிறது, வேணுங்கற பொருளோ விளையாட்டோ கிடைக்கிறது, உடம்புக்கு ஏதோ ஒரு இதமான உணர்வு. பிரையன் இவாடாங்கற நடத்தையியல் ஆராய்ச்சியாளரோட குழு 1982ல வெளியிட்ட ஆய்வுக்கப்புறம்தான் இப்படிக் காரணத்தைத் தனித்தனியா சோதிச்சுப் பார்க்குறது முறையா ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு ஆழமா வேண்டாம், ஒரு கேள்வி போதும்: "இது நடந்த உடனே அவனுக்கு எது மாறுது?" வேலையில இருந்து தப்பிக்க நினைக்கிறவனை "வெளிய போய் நில்லு"ன்னு அனுப்புனா அவன் கேட்டதை நீங்களே குடுத்துட்டீங்க, நாளைக்கு இன்னும் சீக்கிரமா கிழிப்பான். கவனம் தேடுற பிள்ளைக்கு நீங்க பத்து நிமிஷம் நின்னு திட்டுறதே பெரிய விருந்து.

அஞ்சாவது: பின்னணியை எங்கெங்க தேடுறது

முதல்ல உடம்பு. நம்ம புத்தி எடுத்த எடுப்புல "வளர்ப்பு சரியில்ல"ன்னு போகும், அதைப் பிடிச்சு நிறுத்திட்டு உடம்புல இருந்து ஆரம்பிங்க. தூக்கம்: 6 முதல் 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9ல இருந்து 12 மணி நேரம், 13 முதல் 18 வரைக்கும் 8ல இருந்து 10 மணி நேரம்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லியிருக்கு. உங்க கிளாஸ்ல எத்தனை பேர் அவ்வளவு தூங்குறாங்கன்னு மெதுவா விசாரிச்சுப் பாருங்க. அப்புறம் பசி, பல் வலி, மலச்சிக்கல் (சின்னப் பிள்ளைங்க இதை வாய் விட்டுச் சொல்லவே மாட்டாங்க, நெளிஞ்சுக்கிட்டே இருப்பாங்க, நாம உக்காருன்னு கத்துவோம்), கண்ணு தெரியாதது, காது கேக்காதது, பெரிய பொண்ணுங்களுக்கு மாதவிடாய் வலி, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை இல்ல திடீர்னு நிறுத்துன மாத்திரை. பேசிக்கிட்டே இருக்கும்போது சில நொடி அப்படியே வெறிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பவும் தொடருற பிள்ளை இருந்தா அதைக் கவனக்குறைவுன்னு விட்டுடாதீங்க, ஒரு வகை வலிப்பு அப்படித்தான் இருக்கும், டாக்டர் பார்க்கணும்.

வீடு ரெண்டாவது. வீடு மாறுறது, புதுக் குழந்தை பொறந்தது, யாரோ ஆஸ்பத்திரியில இருக்கறது, சாவு, பெத்தவங்க சண்டை, வேலை போனது. இதுல பாதியை உங்களால சரி பண்ண முடியாது, தெரிஞ்சிருந்தாலே போதும்.

மூணாவதுதான் நாம பார்க்க மறக்குறது, ஸ்கூலுக்குள்ளயே இருக்குற காரணம். எழுத்துக்கூட்டிக்கூட படிக்கத் தெரியாத பிள்ளை ஆறாவதுல உக்காந்துக்கிட்டு தினமும் புத்தகத்தைத் திறக்குது, "வாசி"ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு அதுக்குத் தெரியும், அதனால கூப்பிடுறதுக்கு முன்னாடியே பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளி வெளிய போயிடுது, முட்டாள்னு பேர் வாங்குறதுக்குப் போக்கிரின்னு பேர் வாங்குறது மேல்னு அது கணக்குப் போட்டு வச்சிருக்கு. இந்த மாதிரி பிள்ளைக்கு நீங்க எவ்வளவு நடத்தை ப்ளான் போட்டாலும் வாசிக்கச் சொல்லித் தராம ஒண்ணும் நகராது. தனியா கூப்பிட்டு ரெண்டு கிளாஸ் கீழ இருக்குற பாடத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். அப்புறம் சீட், சத்தம், போன பீரியட்ல நடந்த அவமானம், பீரியட் மாறும்போது வர்ற தள்ளுமுள்ளு, நம்மளோட அவசரம். கேள்வி கேட்டுட்டு டீச்சர்கள் சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்கன்னு மேரி பட் ரோங்கற கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்ல எழுதுனாங்க, அதை மூணு செகண்ட் ஆக்குனா பிள்ளைங்க பதில் நீளமாகுது, பதிலே சொல்லாதவங்ககூட வாய் திறக்குறாங்க. செலவில்லாத மாற்றம்.

ஆறாவது: வீட்டுல பேசுறது

புகார் சொல்ல மட்டுமே போன் பண்ற டீச்சரோட நம்பரைப் பார்த்தாலே பெத்தவங்களுக்கு வயித்தைக் கலக்கும். அதனால பிரச்சனை இல்லாத ஒரு நாள்ல முதல் போன் பண்ணுங்க. அந்தத் திங்கக்கிழமைப் பையனோட அம்மாகிட்ட நான் பேசுனது இப்படித்தான் ஆரம்பிச்சுது:

"வணக்கம்மா, ஸ்கூல்ல இருந்து பேசுறேன், பயப்படாதீங்க, நல்ல விஷயம்தான். வியாழக்கிழமை பக்கத்துல இருந்த பையனுக்கு இவன்தான் வகுத்தல் சொல்லிக் குடுத்தான், ரொம்பப் பொறுமையா சொன்னான்."

"அப்படியா மிஸ்? இவனா?"

"ஆமாம்மா. ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கேக்கணும். திங்கக்கிழமை காலையில மட்டும் கொஞ்சம் வாடிப் போய் வர்றான், மத்த நாள் நல்லா இருக்கான். ஞாயித்துக்கிழமை ராத்திரி எப்படி இருப்பான், எத்தனை மணிக்குத் தூங்குவான்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவங்களே எல்லாத்தையும் சொன்னாங்க. நான் "ஏன் லேட்டா தூங்க விடுறீங்க"ன்னு கேட்டிருந்தா போன் அத்தோட முடிஞ்சிருக்கும்.

கேட்டதை ஸ்டாஃப் ரூம்ல பேசாதீங்க, ப்ளானுக்குத் தேவையானதை மட்டும் தேவையானவங்ககிட்ட சொல்லுங்க. பிள்ளை உடம்புல அடி, பயம், யாரோ தப்பா நடந்துக்குறாங்கங்கற சந்தேகம் வந்தா நீங்களே துருவித் துருவிக் கேக்காதீங்க, வீட்டுக்கும் போன் போடாதீங்க, அது பிள்ளைக்கே ஆபத்தாகலாம். பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வச்சுட்டு அன்னைக்கே பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பா இருக்குறவங்ககிட்ட குடுங்க, உங்க இடத்துச் சட்டம் என்ன பண்ணச் சொல்லுதோ அதை அப்படியே பண்ணுங்க.

ஏழாவது: ப்ளான்

வரிசை முக்கியம். பின்னணியையே மாத்த முடியுமான்னு முதல்ல பாருங்க, காது மாதிரி, கண்ணாடி மாதிரி, சீட் மாதிரி. முடியலன்னா அது வந்த நாள்ல அதோட வேகத்தைக் குறைங்க. அதுவும் போதலன்னா அன்னைக்கு மட்டும் ட்ரிகரைச் சின்னதாக்குங்க. இது எல்லாத்தோடயும் கூடவே, அவன் கேக்க நினைக்கிறதை ஒழுங்கா கேக்கச் சொல்லிக் குடுங்க.

அந்தப் பையன் விஷயத்துல அப்பாவுக்கு வேலை நேரம் அப்படி, ஞாயித்துக்கிழமை சீக்கிரம் கொண்டு வந்து விட முடியல. அதனால திங்கக்கிழமை காலையில அவன் நேரா கிளாஸுக்கு வராம லைப்ரரிக்குப் போவான், அங்க பதினஞ்சு நிமிஷம் புத்தகம் அடுக்குவான், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அப்புறம் என்கிட்ட வந்து மூணு கலர் அட்டையில ஒண்ணைக் காட்டுவான், பச்சைன்னா சரியா இருக்கேன், மஞ்சள்னா கொஞ்சம் கஷ்டம், சிவப்புன்னா இன்னைக்கு முடியாது. சிவப்பு காட்டுனா பன்னெண்டு கணக்குக்குப் பதிலா நாலு, அதுலயும் முதல் ரெண்டு அவனுக்குக் கண்ணை மூடிட்டுப் போடத் தெரிஞ்சது, எந்த நாலுன்னு அவனே எடுத்துப்பான். மிச்சத்தைப் புதன்கிழமை போடணும், இதுல நான் விட்டுக் குடுக்கல. அப்புறம் "ப்ரேக் வேணும் மிஸ்"னு சொல்லக் கத்துக் குடுத்தேன். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் 1985ல காட்டுன வழி இது: பிரச்சனை பண்ணி வாங்குற அதே பலனை ஒரு வார்த்தை சொல்லியே வாங்க முடியும்னா பிள்ளை வார்த்தைக்கு மாறிடும். ஆனா அந்த வார்த்தை கிழிக்கிறதை விடச் சுலபமா இருக்கணும், உடனே வேலையும் செய்யணும். ஆரம்பத்துல அவன் கேட்ட ஒவ்வொரு தடவையும் குடுத்தேன், பழகுனப்புறம்தான் "இன்னும் ரெண்டு கணக்கு, அப்புறம் போ"ன்னு இழுத்தேன்.

புதுசா வர்றவங்க எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. லைப்ரரி, சின்ன ஷீட், அமைதியான நேரம், இதெல்லாம் பிரச்சனைக்கு முன்னாடி குடுக்கணும். மறந்துட்டு, அவன் கிழிச்சப்புறம் "சரி சரி, லைப்ரரிக்குப் போ"ன்னு அனுப்புனா கிழிச்சா லைப்ரரி கிடைக்கும்னு கத்துப்பான், நீங்க போட்ட ப்ளானே உங்களுக்கு எதிரா திரும்பிடும். அதனால திங்கக்கிழமை காலையில யார் அவனை வாசல்ல பார்க்குறாங்க, அவங்க லீவுன்னா வேற யாரு, இதை முன்கூட்டியே எழுதி வையுங்க.

கிளாஸ் முழுக்கவே உதவுற விஷயமும் சிலது உண்டு. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி உள்ள விடுங்க, யார் முகம் சரியில்லன்னு அந்த ரெண்டு நிமிஷத்துலயே தெரிஞ்சுடும். கஷ்டமான இடம் வர்றதுக்கு முன்னாடியே ஞாபகப்படுத்துங்க, "இப்ப குரூப் வேலை, ஸ்கேல் வேணும்னா எப்படிக் கேப்போம்?" அப்படின்னு.

எட்டாவது: வேலை செய்யுதான்னு பாருங்க

அதே கட்டம், திரும்பவும் மூணு வாரம். பழைய பேப்பரையும் புதுப் பேப்பரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, நம்ம மனசு சொல்றதை நம்பாதீங்க, ஒரு மோசமான நாள் போதும் ஒண்ணுமே மாறலன்னு தோண வைக்க. முன்னாடி பிரச்சனை பண்ணி வாங்குனது இனிமே கிடைக்கலன்னா கொஞ்ச நாள் அது கூடவே செய்யும், சத்தமும் கூடும், அது எதிர்பார்த்ததுதான், அந்த நேரத்துல பயந்து பழையபடி குடுத்துட்டா இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். ஆனா தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்துறது, நல்லா இருந்த பிள்ளை திடீர்னு தலைகீழா மாறுறது, சாகணும்னு பேசுறது, இதுக்கெல்லாம் கட்டம் போட்டுட்டு உக்காராதீங்க, அன்னைக்கே கவுன்சிலர், ஹெட் மாஸ்டர், பெத்தவங்க, டாக்டர்னு ஆளைச் சேருங்க.

அந்தத் திங்கக்கிழமைப் பையனுக்கு ஆறாவது வாரம் திங்கக்கிழமையில கறுப்புக் கட்டமே இல்ல, கோடு ரெண்டு இருந்துச்சு. வருஷக் கடைசி வரைக்கும் அந்த ஒண்ணு ரெண்டு கோடு போகல. லீவு முடிஞ்சு வந்த திங்கக்கிழமை மட்டும் திரும்பக் கறுப்பாச்சு, அடுத்த வாரம் தெளிஞ்சுடுச்சு.

வருஷம் முடியும்போது அடுத்த டீச்சருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. "நோட்டுக் கிழிக்கிற பையன்"னு எழுதாதீங்க. எந்தக் கிழமை, எந்த நேரம், அதுக்கு முன்னாடி என்ன நடந்திருந்தா கஷ்டம், அன்னைக்கு எது உதவுது, எந்த வார்த்தையில கேக்கக் கத்துக்கிட்டிருக்கான், வீட்டுல யார்கிட்ட எந்த நேரத்துல பேசுறது நல்லது, இவ்வளவு போதும். நான் எழுதுன பக்கத்துல கடைசி வரி: "லைப்ரரி அலமாரியில கீழ் ரெண்டு தட்டு அவன் அடுக்குறது, திங்கக்கிழமைக்கு முன்னாடி யாரும் அடுக்கிட வேண்டாம்."